எக்ஸ்ரேயின் வயிறு

அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர் வைத்தவர்கள் கண்டக்டர்கள். டவுன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் வேலை. படியில் ஒரு காலை வைத்ததுமே உள்ளே யாரிடம் டிக்கெட் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். ஒருமுறை கண்ணை இறுக மூடிக்கொண்டு குறட்டை விட்ட ஓர் ஆசாமியின் முன்னால் போய் நின்று, "குறட்டை நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்டக்டர் பக்கத்துல வரும்போது மட்டும் ஏன் சத்தம் ஏறுது? டிக்கெட்ட எடுங்க" என்றாராம். அந்த ஆள் அதற்குப் பிறகு நிஜமாகத் தூங்கும்போதுகூடக் குறட்டை விடுவதில்லை என்று கேள்வி. நான் இதைச் சரிபார்க்கவில்லை. சரிபார்த்தால் கெட்டுப்போகிற சங்கதிகள் சில உண்டு.

எங்கள் வீட்டு மாடியில்தான் அவர் குடியிருந்தார். ஒல்லியான உடம்பு, பாதி மூடிய கண், பாதி திறந்த காது. வீட்டிலும் அதே வேலைதான். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்து, நாலு படி இறங்கி, திரும்ப ஏறிவந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். கூடத்தில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் மாட்டியிருந்தார், ஒன்று பொய் சொன்னால் இன்னொன்றை வைத்துப் பிடிக்கலாம் என்று. இரண்டும் ஒரே நேரம் காட்டினால் இரண்டும் சேர்ந்துகொண்டு ஏமாற்றுகின்றன என்பார்.

ஊருக்குத் தெரிந்த எக்ஸ்ரே இவ்வளவுதான். தெரியாதது ஒன்று இருந்தது. அவருக்கு பஸ் ஆகாது.

சின்ன வயதிலிருந்தே அப்படி. பஸ் நிற்கிற இடத்தைப் பார்த்தாலே வாயில் நீர் ஊறும், பசியால் அல்ல. காதுக்குப் பின்னால் சில்லென்று வியர்க்கும். கொட்டாவி மேல் கொட்டாவி வரும். அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று, அவசரமே இல்லாமல், மாடிப்படி ஏறுவதுபோல் ஏறிவரும். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப் போனபோது வாத்தியார் பரிதாபப்பட்டு ஜன்னலோரம் உட்காரவைத்தார். அந்தப் பக்கமாகப் போன சைக்கிள்காரர்கள் இன்றுவரை மறந்திருக்க மாட்டார்கள்.

படித்து முடித்ததும் பஸ் டிப்போவில் குமாஸ்தா வேலை கிடைத்தது. நாற்காலி ஆடாது என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்ந்தார். அங்கே உட்கார்ந்தபடியே ஊரார் தப்பையெல்லாம் கண்டுபிடித்துத் தள்ளினார். மேலதிகாரிக்கு மனம் குளிர்ந்துபோய், இந்தக் கண்ணை ஏன் அறைக்குள் பூட்டிவைக்க வேண்டும் என்று பதவி உயர்வு கொடுத்தார்: டிக்கெட் பரிசோதகர். எல்லோரும் கைகுலுக்கினார்கள். அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து, சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதல் நாள் சட்டைப் பையில் ஒரு பாலிதீன் பையை மடித்து வைத்துக்கொண்டு ஏறினார். பஸ் ஒரு திருப்பம் திரும்பியது. வாய் ஊறிவிட்டது. பையில் கை போய்விட்டது. அப்போதுதான் ஜன்னலோரம் ஒரு பெரியவரைப் பார்த்தார். பெரியவர் தலையைத் திருப்பாமல் வெளியே பார்த்து ரசித்துக்கொண்டிருந்தார். வெளியே இருந்தது நீளமான மதில்சுவர். மதில்சுவரில் இந்த மனிதருக்கு என்ன அவ்வளவு ரசனை?

அந்தக் கேள்வி தலைக்குள் நுழைந்ததும் வயிறு அடங்கிவிட்டது. குக்கர் அடுப்பை அணைத்த மாதிரி. பெரியவரிடம் டிக்கெட் இல்லை என்பது பிறகு தெரிந்த விஷயம். எக்ஸ்ரே இறங்கும்போது பாலிதீன் பை மடிப்புக் கலையாமல் இருந்தது.

அதன்பிறகு அவர் வண்டி ஓடியது. யாரையாவது சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும்வரை வயிறு வாயைத் திறக்காது. இது தன் கடமை உணர்ச்சியால் வருவது என்று அவர் நம்பினார். கஷ்டமெல்லாம் நேர்மையான பஸ்ஸில்தான். ஏறியதும் எல்லோரும் தாமாகவே டிக்கெட்டை எடுத்து நீட்டினால் அவருக்குக் கண் இருட்டும். அடுத்த நிறுத்தத்திலேயே குதித்து இறங்கி, எதிரில் வரும் பஸ்ஸில் ஏறி, கெட்டவன் எவனாவது இருக்க மாட்டானா என்று தேடுவார். டிப்போவில் இதற்கும் பாராட்டுத்தான் கிடைத்தது. மனுஷன் ஓர் இடத்தில் நிற்கிறாரா பார் என்றார்கள்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. அவரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்.

"வெளிய தெரிஞ்சா டிப்போல தலை காட்ட முடியாது. பஸ் செக்கர் பஸ்லயே வாந்தி எடுக்கறான்னு சிரிப்பாங்க. கண்டக்டருங்க என் பேரையே மாத்திடுவாங்க. நம்ம பொண்ணுகிட்டகூட மூச்சு விடாத."

"அவ உங்க பொண்ணு. நான் சொல்லலைன்னாலும் மோப்பம் பிடிச்சிடுவா."

"பிடிக்கட்டும். நீயா சொல்லாத."

மகள் மோப்பம் பிடித்தாள், தப்பான இடத்தில்.

அவள் தானாகத் தேர்ந்தெடுத்த மாப்பிள்ளை மலையூரில் ஓவிய ஆசிரியர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எக்ஸ்ரே அவரைக் கேட்ட கேள்விகள் இருக்கின்றனவே, டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவனைக்கூட யாரும் அப்படிக் கேட்டதில்லை. "எந்த வண்டியில வந்தீங்க? எங்க ஏறினீங்க? எத்தனை மணி வண்டி? அந்த வண்டி அந்த நேரத்துக்கு இல்லையே?" மாப்பிள்ளைக்கு உள்ளங்கை வியர்த்து, கொண்டுவந்த பழப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்.

கல்யாணம் ஆனதும் மகளை மலையூரில் கொண்டுபோய் விட ஒரு தனி பஸ் ஏற்பாடு செய்திருந்தார்கள். பஸ் முழுக்கச் சொந்தக்காரர்கள். டிக்கெட்டே கிடையாது. டிக்கெட் இல்லாத பஸ்ஸில் யாரைச் சந்தேகப்படுவது? மலைப்பாதை தொடங்கி இரண்டு மூன்று கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் எக்ஸ்ரே எழுந்து நின்று வண்டியை நிறுத்தச் சொன்னார். "வீட்ல இஸ்திரிப் பெட்டிய அணைக்காம வந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கி, வந்த வழியே நடக்க ஆரம்பித்துவிட்டார். பஸ் வளைவில் மறைந்த பிறகு பாதையோரத்தில் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவை குரங்குகள் மட்டும்தான்.

மகள் ஜன்னல் வழியாக அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் இஸ்திரிப் பெட்டி கிடையாது. துணியெல்லாம் தெருமுனைக் கடைக்குத்தான் போகும்.

அப்பா ஏன் பொய் சொன்னார்? மருமகனைப் பிடிக்கவில்லை, அதனால்தான். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அவர் ஒரு காரணம் சொன்னார்: ஸ்பெஷல் செக்கிங், லீவு இல்லை, முட்டிவலி. ஒவ்வொரு காரணமும் அவள் கணக்குக்கு ஒரு சாட்சி ஆனது. பிரசவத்துக்கும் அம்மா மட்டும் போனார். கடைசியில் மகள் போன் செய்தாள்.

"அம்மா, பாப்பாவுக்கு ஒரு வயசு ஆகப்போகுது. தாத்தான்னு ஒருத்தர் அவள இன்னும் தூக்கிக்கூட பாக்கல. இந்தத் தடவையும் அப்பா வரலைன்னா நானும் இனிமே அங்க வர மாட்டேன். போன்லயும் கூப்பிட மாட்டேன். சொல்லிடுங்க."

அவர் போனுக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். பாதி திறந்த காது அன்று முழுக்கத் திறந்திருந்தது. அன்று அவர் பூட்டை இழுத்துப் பார்க்காமலேயே வேலைக்குப் போனார். மனைவி கவலைப்பட்டது அதைப் பார்த்துத்தான்.

வைத்தியம் ஒன்றும் பாக்கியில்லை. மாத்திரை போட்டால் மனிதர் தூங்குவார். ஒருமுறை ஒத்திகைக்குப் போட்டுப் பார்த்தார்; எழுந்தபோது எந்தக் கிழமை என்பதில் இரண்டு கடிகாரங்களும் உதவவில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார், கொஞ்ச நாளில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாலே குமட்டத் தொடங்கியது. முன் சீட், வெறும் வயிறு, வயிற்றில் மடித்த செய்தித்தாள், எல்லாம் பார்த்தாயிற்று.

ஆனால் மனைவி வேறு ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். முந்தின மாதம் இருவரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குண்டும் குழியுமான பாதை. குமட்டலில் எக்ஸ்ரே முகம் பச்சையாகிக்கொண்டிருந்த நேரத்தில் மனைவிக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது. ஆட்டோச் சத்தத்தில் வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். பேசி முடித்துத் திரும்பினால், எக்ஸ்ரே நிமிர்ந்து உட்கார்ந்து, "யாரு? ஏன் மெதுவா பேசின?" என்றார். முகத்தில் பச்சையைக் காணோம். இறங்குகிறவரை கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

மனைவி அதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டார்.

மலையூருக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் சமையலறையிலிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. எக்ஸ்ரே எட்டிப் பார்த்தார். மனைவி முந்தானையால் எதையோ மூடினார்.

"என்ன சத்தம்?"

"ஒண்ணும் இல்லையே."

"சுத்தியல் ஏன் வெளிய இருக்கு?"

"அது எப்பவும் அங்கதான் இருக்கும்."

சுத்தியல் எப்போதும் பரணில் இருக்கும். அன்று ராத்திரி அவர் சரியாகத் தூங்கவில்லை.

காலையில் பஸ்ஸில் ஏறும்போது மனைவி கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார். கண்டக்டர் மேலே வைக்கட்டுமா என்று கை நீட்டினார். "ஐயோ வேண்டாம் தம்பி, மடியிலயே இருக்கட்டும்" என்றார் மனைவி. ஐயோ எதற்கு? எக்ஸ்ரே உட்கார்ந்தார்.

"உள்ள என்ன?"

"எதுக்குள்ள?"

"டப்பாக்குள்ள."

"அதுவா. போய்ப் பாத்துக்கலாம், விடுங்க."

வண்டி கிளம்பியது. சமவெளியில் பாதை நேராகப் போனது. எக்ஸ்ரேக்கு வாய் ஊறத் தொடங்கிய நேரம் பார்த்து மனைவி போனை எடுத்துக் காதில் வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆமா, எடுத்துட்டு வந்துட்டேன். இல்ல, அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா விடுவாரா?" என்றார். வாய் காய்ந்துவிட்டது.

"யாருகிட்ட பேசின?"

"தங்கச்சிகிட்ட."

"எதுக்கு நான் விட மாட்டேன்?"

"நீங்க எதுக்குத்தான் விட்டிருக்கீங்க."

மலைப்பாதை ஆரம்பித்தது. முதல் வளைவில் எக்ஸ்ரே தன் அம்மாவின் வளையல்களை நினைத்தார். அலமாரியில் இருந்தனவே, போன வாரம்கூடப் பார்த்தோமே. மருமகனுக்கு ஏதாவது கஷ்டமா? இவள் ரகசியமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறாளா? அப்படியென்றால் டப்பா கனக்க வேண்டுமே. தெரியாமல் இடிப்பதுபோல முழங்கையால் டப்பாவை இடித்தார்.

"குலுக்காதீங்க" என்றார் மனைவி.

அடுத்த வளைவில் பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது வெயில் டப்பாவின் மூடியில் விழுந்தது. மூடி முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஆணியால் அடித்தவை.

எக்ஸ்ரே வாழ்க்கையில் எத்தனையோ ஓட்டைகளைப் பார்த்தவர், டிக்கெட்டில். காற்றுக்காகப் போட்ட ஓட்டையை அன்றுதான் பார்த்தார்.

"உள்ள உயிரோட ஏதாவது இருக்கா?"

மனைவி டப்பாவின் மேல் உள்ளங்கையை வைத்து, குழந்தையைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டு தட்டினார்.

இதற்குள் பஸ்ஸில் மற்றவர்கள் நிலைமை மோசமாகிவிட்டது. பின்னால் ஓர் அம்மாள் ஜன்னலுக்கு வெளியே கவிழ்ந்து கிடந்தார். முன் சீட்டில் திடகாத்திரமான ஓர் ஆள் டவலுக்குள் முகத்தைப் புதைத்து, "டிரைவர், கொஞ்சம் நிறுத்துப்பா" என்று முனகினார். புளித்த வாடை பஸ்ஸுக்குள் நடமாடத் தொடங்கியது. கண்டக்டரே கம்பியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். இவ்வளவுக்கும் நடுவில் எக்ஸ்ரே ஒருவர் மட்டும் அரசாங்கச் சிலை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, ஓட்டைகளின் அளவை வைத்து உள்ளே இருக்கும் பிராணியின் அளவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பூனைக்குட்டி என்றால் கத்தியிருக்கும். ஆமை என்றால் கத்தாது. ஆனால் ஆமைக்கு இவள் ஏன் தங்கச்சியோடு ரகசியம் பேசுகிறாள்? பாம்பாக இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தார். மருமகன் ஓவியர், ஓவியர்கள் எதை வேண்டுமானாலும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடியவர்கள். காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

"நகருதா?" என்று காதோடு கேட்டார்.

"இப்பதான் தூங்குது. பேசாம வாங்க."

வளைவுகள் வந்துகொண்டே இருந்தன. அவர் ஒன்றையும் பார்க்கவில்லை.

மலையூர் பஸ் நிலையத்தில் இறங்கியபோது சாரலடித்துக்கொண்டிருந்தது. மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மருமகன் பக்கத்தில் குடை பிடித்திருந்தார். மகள் சிரிக்கவில்லை. பஸ் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்பா ஒரு காலைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப ஏறிவிடுவாரோ என்பதுபோல. எக்ஸ்ரே இரண்டு காலையும் வைத்தார். சட்டை கசங்கவில்லை. முகம் தெளிவாக இருந்தது. மனைவிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இத்தனை நாள் பட்ட பாடு இன்றோடு தீர்ந்தது என்ற நிம்மதியில் அந்த அம்மாள் ஒரு தப்பு செய்தார்.

"இப்பவாவது சொல்லு. உள்ள என்ன?" என்றார் எக்ஸ்ரே.

"இந்தாங்க, நீங்களே பாத்துக்குங்க."

கயிற்றை அவிழ்த்தார். மூடியைத் திறந்தார். டப்பாவுக்குள் ஒன்றுமில்லை. பழைய பிஸ்கட் தூள்கூட இல்லை, துடைத்து வைத்திருந்தார்.

"வளையல்?"

"அலமாரில இருக்கு."

"தங்கச்சிகிட்ட பேசினது?"

"போன்ல சார்ஜே இல்லைங்க. உங்க வயித்துக்குத்தான் எல்லாம்."

எக்ஸ்ரே காலி டப்பாவைப் பார்த்தார். சந்தேகப்பட உலகத்தில் இனி ஒன்றுமே மிச்சமில்லை. அதுவரை வரிசையில் காத்திருந்த அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. அவர் காதுக்குப் பின்னால் கை வைத்தார். ஒரு கொட்டாவி விட்டார். அப்புறம் டப்பா காலியாக இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று எல்லோருக்கும் தெரிந்தது.

டப்பாவில் ஓட்டை இருந்தது மூடியில் மட்டும்தான்.

மருமகன் குடையைத் தூக்கி எறிந்துவிட்டு அவர் முதுகைத் தடவினார். மகள் பதறிப்போனாள்.

"அப்பா, என்னப்பா ஆச்சு? அம்மா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்கப்பாவுக்கு பஸ் ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே" என்றார் மனைவி. கொடுத்த சத்தியம் அங்கேயே டப்பாவோடு போயிற்று.

"பஸ் ஆகாதா? அவர் வேலையே பஸ்லதானம்மா." மகளின் கண் பாதி மூடியது. அப்படியே அப்பா கண். "இது என்ன புதுக் கதை? ரெண்டு பேரும் சேர்ந்து யோசிச்சீங்களா?"

எக்ஸ்ரேக்குப் பேசுகிற நிலை இல்லை. டப்பாவை லேசாக உயர்த்திக் காட்டினார். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு சாட்சியை யாரிடமும் நீட்டியதில்லை.

மகள் பார்த்தாள். அவர் காதுக்குப் பின்னால் வியர்வை இறங்குவதையும் பார்த்தாள்.

"அப்போ அன்னிக்கு இஸ்திரிப் பெட்டின்னு இறங்கிப் போனது?"

தலையாட்டினார்.

"முட்டிவலி?"

அதற்கும் ஆட்டினார்.

"இவரைப் பிடிக்கலைன்னு நெனச்சு நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமாப்பா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே எறங்கி வந்திருப்போமே."

அவர் கொண்டுவந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் வராததுக்கும் மாப்பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லம்மா."

"மாமா, இவ்வளவு நாள் உங்களுக்கு என்மேல சந்தேகம்னுதான் நானும்..." என்று மருமகன் ஆரம்பித்தார்.

"அது இருக்கு" என்றார் எக்ஸ்ரே. "அது தனி. அன்னிக்கு நீங்க சொன்ன நேரத்துக்கு வண்டியே கிடையாது."

மருமகன் எறிந்த குடையை எடுத்துவந்து அவர் தலைக்கு மேல் பிடித்தார். "முந்தின நாளே வந்துட்டேன் மாமா. லேட்டாயிடுமோன்னு பயந்து. பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலதான் படுத்திருந்தேன்."

எக்ஸ்ரே அவரை மேலும் கீழும் பார்த்தார். ஒரு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பதுபோல் மெதுவாகத் தலையசைத்தார்.

மருமகன் தன் நண்பரின் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். காரைப் பார்த்ததும் எக்ஸ்ரே முகம் மறுபடி வெளுத்தது. "எல்லாரும் நடப்போம்" என்றாள் மகள். பாதி வழியில் குழந்தையை அப்பாவிடம் கொடுத்தாள். குழந்தை அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கிப் பார்த்தது, மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தது, மீசையைத் தனியாகச் சோதித்தது. அதன் பிறகும் திருப்தி இல்லாமல் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அவரையே பார்த்தது. அவர் ஏற்றம் முழுக்கச் சிரித்துக்கொண்டே போனார் என்று மனைவி சொன்னார். அவர் பல் எனக்குத் தெரிந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் இதை மட்டும் நீங்கள் நம்பினாலும் சரி, விட்டாலும் சரி.

ஊர் திரும்புகிற அன்று மகள் பஸ் நிலையம்வரை வந்தாள். ஏறுகிற நேரத்தில் அவர் கையில் அதே டப்பாவைக் கொடுத்தாள். கழுவிக் காயவைத்து, புதுக் கயிறு போட்டு, முடிச்சின் மேல் மெழுகு வைத்து ஒட்டியிருந்தாள்.

"வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்கணும்பா."

எக்ஸ்ரே சிரித்தார். "எனக்குத் தெரியாதாம்மா. ஒண்ணும் இருக்காது."

"சரி" என்றாள் மகள். அவ்வளவுதான் சொன்னாள்.

பஸ் கிளம்பி முதல் வளைவில் திரும்பியது. டப்பாவுக்குள் ஏதோ உருண்டு, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்தில் போய் இடித்தது. எக்ஸ்ரே டப்பாவைக் காதில் வைத்துக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியும்."

"சத்தியமா தெரியாதுங்க."

"தெரியாதவ ஏன் ஜன்னல் பக்கம் திரும்புற?" என்று கேட்டுவிட்டு, கீழே இறங்குகிற பாதையை ஒருமுறைகூடப் பார்க்காமல், நிமிர்ந்து உட்கார்ந்தார்.